கிராப்பிக்கு வாங்கிய ஜிக், டாக் ஓரத்து வால்ஐ: 1/16 அவுன்ஸ் மாராபூ ஜிக் எப்படி?

இந்த ஜிக்கை நான் வாங்கியது கிராப்பி என்ற மீனுக்காக. அட்டையிலும் கிராப்பி படம்தான் போட்டிருக்கிறது. ஆனால் மூன்று சீசனாக அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து மினடோங்கா ஏரியின் டாக்குகளை (கரையிலிருந்து தண்ணீருக்குள் நீளும் பலகை மேடைகள்) ஒவ்வொன்றாகச் சுற்றி இதைப் போட்டதில் என் மனதில் அதிகம் நிற்பவை இதில் மாட்டிய வால்ஐ மீன்கள்தான், அதனால் இந்த விமர்சனத்தில் பாதி அந்த மீனைப் பற்றி இருக்கும். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாங்கலாம். 1/32 அவுன்ஸ் வேண்டாம், 1/16 அவுன்ஸ் வாங்குங்கள். முள்ளை மட்டும் கையில் எடுத்துப் பார்த்து வாங்குங்கள்.

பழக்கமில்லாதவர்களுக்கு: ஜிக் என்பது ஈயக்குண்டோடு சேர்த்து வார்த்த தூண்டில் முள். இதில் குண்டு உருண்டை, எடை 2 கிராமுக்கும் கொஞ்சம் குறைவு, மேலே பெயிண்ட் அடித்து இரண்டு பக்கமும் கண் வரைந்திருக்கும். தண்டில் புசுபுசுவென்று செனில் நூல் சுற்றி, பின்னால் மாராபூ இறகைக் கட்டியிருப்பார்கள். மாராபூ என்பது ஒரு நாரையின் பெயர்தான், ஆனால் இப்போது ஜிக்கில் கட்டுவது பெரும்பாலும் வான்கோழியின் மெல்லிய இறகு. ஏரிப் பக்கத்து இரைக் கடையில் மூன்று போட்ட அட்டை ஐந்து டாலருக்குக் கொஞ்சம் மேல். கம்பெனி பெயர் முக்கியமில்லை. இதே மாதிரி பலர் செய்கிறார்கள், எந்த இரைக் கடைக்குள் போனாலும் சுவரில் தொங்கும்.

முதல் வால்ஐ வந்த கதையைச் சொல்லியே ஆக வேண்டும். மே மாதக் கடைசி. தண்ணீர் 60 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டி, கிராப்பிகள் முட்டையிடக் கரையோரம் ஏறியிருந்த வாரம். நானும் ஒன்பது வயது மகளும் பதினாறு அடி அலுமினியப் படகில் போயிருந்தோம் (இந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்குப் பதினாறு வயது வரை லைசென்ஸ் தேவையில்லை, அதனால் அவள் கையிலும் ஒரு தூண்டில்). மாலை ஆறு மணியிலிருந்து ஒரே நீள டாக்கின் நிழலில் கிராப்பி வந்துகொண்டே இருந்தது. தக்கைக்குக் கீழே நாலடியில் ஜிக், கொஞ்சம் ஆட்டினால் போதும். எட்டு மணிக்கு மேல் கடி குறைந்தது, எட்டே முக்காலுக்குச் சூரியன் விழுந்ததும் சுத்தமாக நின்றுவிட்டது. நான் கிளம்பலாம் என்று நங்கூரக் கயிற்றில் கை வைத்தேன். அவள் தக்கையைக் கழற்றிவிட்டு, டாக்கின் ஆழமான முனைக்கு வெளியே ஜிக்கை எறிந்துவிட்டுத் தண்ணீர் பாட்டிலைத் திறந்துகொண்டிருந்தாள். ஜிக் பாட்டுக்கு அடியில் போய் உட்கார்ந்துவிட்டது.

"அப்பா, நரம்பு நிக்கவே இல்லப்பா, பக்கமா போகுது."

நரம்பு என்றால் தூண்டில் நூல். கிராப்பி கடித்தால் அது அப்படிப் போகாது. கிராப்பி மேல்நோக்கிப் பார்த்து, கீழேயிருந்து எழும்பி வந்து இரையை உறிஞ்சுகிற மீன், பல நேரம் கடித்தது தெரிவதே நரம்பு திடீரென்று தொய்வதில்தான். இது ஒரு கனம். தூண்டில் வளைந்து அப்படியே நின்றது, பிறகு தலையை இடமும் வலமும் உதறுகிற அந்தத் துடிப்பு, டொக் டொக் என்று கைப்பிடி வரை வந்தது. "இழுக்காதம்மா, அது போகட்டும், நீ சும்மா பிடிச்சுக்கோ" என்று நான் சொல்லிக்கொண்டே கைவலையைத் தேடினேன். ரீலின் டிராக்கை (மீன் இழுத்தால் நரம்பை விட்டுக்கொடுக்கும் பிடி) கிராப்பிக்கென்று நன்றாகத் தளர்த்தி வைத்திருந்ததால் தப்பித்தோம். மீன் இரண்டு தடவை டாக் கம்பத்தை நோக்கி ஓடியது, இரண்டு தடவையும் நரம்பு சர்ரென்று வெளியே போய், பிறகு மெதுவாகத் திரும்பி வந்தது. தலைவிளக்கைப் போட்டதும் தண்ணீருக்குள் இரண்டு கண்கள் நெருப்புத்துண்டு மாதிரி மின்னின. அப்போதே தெரிந்துவிட்டது. வலையில் அள்ளிப் பார்த்தால் பொன்னும் ஆலிவ் பச்சையும் கலந்த உடம்பு, வாலின் கீழ் நுனியில் வெள்ளைத் திட்டு, பதினேழு அங்குல வால்ஐ. மேல்தாடையின் ஓரத்தில் அந்தச் சின்ன வெள்ளை ஜிக் தொங்கிக்கொண்டிருந்தது.

அன்று அது தற்செயல் என்றுதான் நினைத்தேன். அடுத்த வாரம் அதே நேரம், அதே முனை, இன்னொன்று. அப்புறம்தான் யோசிக்க ஆரம்பித்தேன்.

மீனுக்கு டாக் என்பது கம்பங்கள் மேல் ஒரு கூரை. பகலில் அதன் நிழலில் சின்ன மீன்கள் ஒதுங்கும், கம்பத்தில் பாசி படியும், அதைத் தின்னப் புழு பூச்சி, அவற்றுக்குப் பின்னால் சிறு மீன், அவற்றுக்காகக் கிராப்பி. வால்ஐ பகலில் அங்கே அவ்வளவாக இருக்காது. அதன் கண்ணுக்குள் ஒளியைத் திருப்பி அடிக்கிற ஒரு படலம் இருக்கிறது, பூனைக் கண் இரவில் மின்னுவதும் இதே காரணத்தால்தான். மங்கின வெளிச்சத்தில் பெர்ச்சுக் குஞ்சு, ஷைனர் போன்ற சிறு மீன்களுக்குச் சரியாகக் கண் தெரியாத அந்த அரைமணி ஒருமணி நேரத்தில் வால்ஐக்கு நன்றாகத் தெரியும். அதனால்தான் பொழுது சாய்ந்ததும் ஆழத்திலிருந்து நீர்ச்செடிகளின் ஓரமாக ஏறி, டாக்கின் வெளி முனைக்கு வந்து, அங்கே கூடியிருக்கிற சின்ன மீன்களைத் தேடுகிறது. கிராப்பி டாக்குக்கு அடியில் நடுத் தண்ணீரில் தொங்கும், வால்ஐ டாக்குக்கு வெளியே அடித்தரையை ஒட்டி வரும். இரண்டுக்கும் நடுவே சில அடி தூரம்தான். டாக்கில் இரவு விளக்கு எரிந்தால் இன்னும் நல்லது. விளக்குக்குப் பூச்சி, பூச்சிக்கு மீன் என்று அதே வரிசை இருட்டிலும் நடக்கும், வால்ஐ வெளிச்ச வட்டத்துக்குள் வராமல் அதன் விளிம்பில் நிற்கும்.

எல்லா டாக்கிலும் இது நடக்காது. சேறும் சமதளமுமாக மூன்றடி ஆழத்திலேயே முடிந்துவிடுகிற டாக்கில் சூரியமீன் குஞ்சுகள்தான் கிடைக்கும். முனையில் எட்டு பத்தடி ஆழம் இருந்து, பக்கத்தில் நீர்ச்செடி முடியும் விளிம்பு இருந்து, அன்று பகல் முழுக்க அந்தக் கரையை நோக்கிக் காற்று அடித்திருந்தால் அங்கே போங்கள். படகுத் தூக்கி (படகைத் தண்ணீருக்கு மேல் தூக்கி நிறுத்தும் சட்டம்) நிற்கிற டாக் என்றால் அதன் வெளிக்காலை விடாதீர்கள்.

இப்போது எடைக்கு வருகிறேன். கிராப்பிக்கு மட்டும் என்றால் 1/32 போதும், சொல்லப்போனால் நிழலுக்குள் மெதுவாக இறங்குவதற்கு அதுதான் நல்லது. ஆனால் அது எட்டடி ஆழத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் பொறுமை போய்விடும், லேசாகக் காற்று அடித்தாலே நரம்பில் வயிறு விழுந்து ஜிக் எங்கே இருக்கிறது என்று தெரியாது. 1/8 போட்டால் அடிக்கு வேகமாகப் போகும், ஆனால் கிராப்பியின் மூக்குக்கு முன்னால் கல் மாதிரி விழுந்து போய்விடும். 1/16 இரண்டுக்கும் ஒத்துப்போகிறது. 4 பவுண்டு இழுவை தாங்கும் என் தங்கூஸ் நரம்பில் ஏறக்குறைய நொடிக்கு ஓரடி இறங்குகிறது. அதனால் எண்ணிக்கொண்டே விடலாம், நாலு எண்ணி நிறுத்தினால் கிராப்பி, எட்டு ஒன்பது வரை விட்டால் தரை. மினசோட்டாவின் உள்நாட்டு ஏரிகளில் பனி இல்லாத காலத்தில் ஓர் ஆள் ஒரே ஒரு தூண்டில்தான் போடலாம். ஒன்றைக் கிராப்பிக்கும் ஒன்றை வால்ஐக்கும் என்று இரண்டு போட முடியாது. ஒரே ஜிக்கை வைத்துக்கொண்டு எண்ணிக்கையை மட்டும் மாற்றி இரண்டு மீனையும் தேடலாம் என்பதுதான் என் கண்ணில் இந்தப் பொருளின் முழு மதிப்பு.

இறகு விஷயத்தில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பிளாஸ்டிக் வால் போட்ட ஜிக்கை ஆட்டினால்தான் ஆடும். மாராபூ சும்மா நின்றாலும் மூச்சு விடுகிற மாதிரி விரிந்து சுருங்கும். தண்ணீர் இன்னும் குளிர்ந்திருக்கிற ஏப்ரல், மே மாதங்களில் இந்த வித்தியாசம் நன்றாகத் தெரிகிறது, அசையாமல் பிடித்திருக்கும்போதே கடி விழும். சூரியமீன் குஞ்சுகள் பிளாஸ்டிக் வாலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கடித்துக் கிள்ளிவிடும், இறகை அவ்வளவு சீக்கிரம் அழிக்க முடிவதில்லை. முப்பது நாற்பது கிராப்பி பிடித்த ஒரு வெள்ளை ஜிக் இன்னும் என் பெட்டியில் இருக்கிறது, பாதி இறகு போய்விட்டது, இன்னும் பிடிக்கிறது. டாக்குக்கு அடியில் தெறிக்கவிடுவதற்கு மட்டும் பிளாஸ்டிக்தான் ஒரு படி மேல். அதாவது ஜிக்கைப் பின்னுக்கு இழுத்து, தூண்டிலை வில் மாதிரி வளைத்து, நீர் மட்டத்தோடு சட்டென்று விட்டு, பலகைக்கு அடியில் தவ்விப் போகச் செய்கிற முறை. காய்ந்த இறகு காற்றைப் பிடித்துக்கொண்டு பாதியிலேயே விழுந்துவிடும். முதலில் ஜிக்கைத் தண்ணீரில் முக்கி இறகை உடம்போடு ஒட்டவிட்டால் பரவாயில்லை. ஜிக்கைப் பிடிக்கும்போது முள் முனை விரலைப் பார்க்காமல் வெளியே பார்த்திருக்க வேண்டும், இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்காமல் செய்யவிடாதீர்கள்.

சரி, முள். என் பெரிய மனக்குறை இங்கேதான்.

கிராப்பி ஜிக்கில் வேண்டுமென்றே மெல்லிய கம்பி முள் போடுகிறார்கள். அதற்கு நியாயம் இருக்கிறது. கிராப்பியின் வாய் காகிதம் மாதிரி, தடித்த முள் போட்டால் ஓட்டை பெரிதாகி மீன் கழன்றுவிடும். முள் கட்டையிலோ கயிற்றிலோ மாட்டினால் மெதுவாக ஒரே சீராக இழுத்தால் போதும், முள் நிமிர்ந்து ஜிக் கைக்கு வந்துவிடும், குறட்டை வைத்து மறுபடி வளைத்துக்கொள்ளலாம். டாக் ஓரம் மீன் பிடிக்கிறவருக்கு இது பெரிய உபகாரம். ஆனால் கட்டையில் நிமிர்கிற முள் வால்ஐயிலும் நிமிரும். இரண்டாவது வருடம் ஜூனில் ஒரு நல்ல மீன், நான் பார்த்தவற்றிலேயே பெரியது, படகுக்கு இரண்டடி தூரம் வரை வந்தது. அன்று 6 பவுண்டு நரம்பு போட்டிருந்தேன், டிராக்கையும் இறுக்கி வைத்திருந்தேன், கம்பத்தைச் சுற்றிவிடுமோ என்ற பயத்தில் ஒரு தடவை அழுத்திப் பிடித்தேன். தூண்டில் லேசானது. ஜிக்கை எடுத்துப் பார்த்தால் முள் ஊசி மாதிரி நேராக இருந்தது. அந்த முள்ளை நான் அதற்கு முன்னால் இரண்டு தடவை கட்டையிலிருந்து எடுத்து வளைத்திருந்தேன் என்பதையும் சொல்ல வேண்டும், வளைத்து வளைத்துக் கம்பி வலுவிழந்துவிடுகிறது.

அதற்குப் பிறகு மூன்று விஷயங்களை மாற்றினேன், அதன் பிறகு முள் நிமிர்ந்து ஒரு வால்ஐயும் போகவில்லை. ஒரு தடவை வளைந்த முள்ளைப் பகலில் கிராப்பிக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன், சூரியன் விழுந்ததும் புது ஜிக் கட்டுகிறேன். நரம்பு 4 பவுண்டுக்கு மேல் போவதில்லை. கேட்கும்போது தலைகீழாகத் தோன்றும், ஆனால் நரம்பு மெல்லியதாக இருந்தால்தான் டிராக்கைத் தளர்த்தி வைப்போம், டிராக் தளர்ந்திருந்தால்தான் முள்ளின் மேல் பாரம் ஏறாது. அப்புறம் மென்மையான நீளத் தூண்டில், ஏழடி அல்ட்ராலைட், மீனின் உதறலை அது வாங்கிக்கொள்ளும். வால்ஐயின் வாயில் கோரைப் பற்கள் இருந்தாலும் பைக் மீன் மாதிரி நரம்பைச் சட்டென்று வெட்டுவதில்லை, அதனால் பல்லுக்காகத் தடித்த நரம்பு போட வேண்டியதில்லை. மெல்லிய முள்ளில் ஒரு நல்லதும் உண்டு. ஓங்கி இழுக்காமலே, கையை லேசாகத் தூக்கினாலே ஏறிவிடுகிறது.

கடையில் வாங்கும்போது அட்டையைத் திருப்பி முள்ளைப் பாருங்கள். ஒரே எடை, ஒரே நிறம், ஆனால் ஒரு தயாரிப்பில் முள் கம்பி இன்னொன்றைவிடக் கொஞ்சம் தடிப்பாக இருக்கும், பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் கண்ணுக்கே தெரியும். அந்தக் கொஞ்சம் தடிப்பு போதும், அதைத்தான் எடுக்க வேண்டும்.

மற்ற குறைகள் சின்னவை. முள்ளின் காதில் (நரம்பு கட்டும் துளையில்) பெயிண்ட் அடைத்திருக்கும், ஒரு அட்டையில் மூன்றுக்கு இரண்டில் அப்படித்தான் வந்தது. இருட்டில் தலைவிளக்கைப் பல்லில் கடித்துக்கொண்டு இன்னொரு முள் நுனியால் குத்தி அதைத் திறப்பது எரிச்சலான வேலை, வீட்டிலேயே எல்லாவற்றையும் திறந்து வைத்துவிடுங்கள். கம்பத்தில் நாலு தடவை மோதினால் தலைப் பெயிண்ட் உதிரும், அதனால் மீன் கடிப்பது குறைந்ததாக நான் பார்க்கவில்லை. ஈரத்தோடு பெட்டியில் போட்டு மூடினால் மறுநாள் முள்ளில் துரு, இறகும் சடை பிடித்துவிடும், இரவு பெட்டியைத் திறந்தே வையுங்கள். முடிச்சைக் காதின் மேல் பக்கம் தள்ளி வைத்தால் ஜிக் தண்ணீரில் படுத்த வாக்கில் மீன்குஞ்சு மாதிரி நிற்கும், முன்னால் சரிந்துவிட்டால் வால் கீழே தொங்கும். ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் ஒரு பார்வை பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள், அப்படியே நரம்பின் கடைசி ஓரடியை விரலால் தடவியும் பாருங்கள். 2010-இலிருந்து மினடோங்காவில் ஜீப்ரா மசல் சிப்பிகள் இருக்கின்றன, கம்பங்களில் அடர்ந்து ஒட்டியிருக்கும், அவற்றின் ஓரம் பிளேடு மாதிரி நரம்பை அறுக்கும். அது ஜிக்கின் குற்றமில்லை, ஆனால் நான் தொலைத்த ஜிக்குகளில் பாதி அப்படிப் போனவை.

ஈயத்தைப் பற்றியும் எனக்கு மனசு உறுத்துகிறது. அறுந்து விழுகிற ஈய ஜிக்கை லூன் பறவை கூழாங்கல் என்று விழுங்கினாலோ, அதை விழுங்கிய மீனைத் தின்றாலோ, ஈய நஞ்சில் செத்துப்போகும். இந்த மாநிலத்தின் பறவையே அதுதான். ஏரியில் அதன் குரலைக் கேட்டுக்கொண்டே ஈயத்தை எறிவது எனக்கு வர வர முடியாததாகிக்கொண்டிருக்கிறது. இதே ஜிக் டங்ஸ்டனிலும் கிடைக்கிறது, ஈயத்தைவிட அடர்த்தி மிக அதிகம் என்பதால் அதே எடைக்குத் தலை சின்னதாக இருக்கும், தரையில் பட்டால் கைக்கு நன்றாகத் தெரியும். விலை கூடுதல். போன சீசனில் பாதியை மாற்றிவிட்டேன், வரும் சீசனில் மீதியையும் மாற்றப் போகிறேன். ஈய ஜிக்கைப் பிள்ளைகள் கையாண்டால் சாப்பிடும் முன் கை கழுவ வைக்க மறக்காதீர்கள்.

இன்னொன்று, இது முக்கியம். உள்நாட்டு ஏரிகளில் கிராப்பிக்கு வருடம் முழுக்கச் சீசன் உண்டு. வால்ஐக்கு அப்படி இல்லை, பிப்ரவரிக் கடைசியில் மூடினால் மே நடுவில்தான் திறக்கும். ஆகவே ஏப்ரலில் கிராப்பிக்கு என்று டாக் ஓரம் போடும் ஜிக்கில் வால்ஐ வந்தால் உடனே விட்டுவிட வேண்டும், அது எவ்வளவு பெரியதாக இருந்தாலும். எனக்கு ஏப்ரலில் இரண்டு தடவை அப்படி வந்தது. அதனால் ஏப்ரல் முழுக்க முள்ளின் எதிர்முள்ளை (மீன் கழலாமல் தடுக்கும் சின்ன முனை) குறட்டால் அமுக்கித் தட்டையாக்கிவிடுகிறேன், மெல்லிய கம்பி என்பதால் ஒரே அமுக்கில் படிந்துவிடும், மீனைப் படகில் ஏற்றாமலே தண்ணீரிலேயே கழற்றிவிடலாம். செவுள் மூடியின் ஓரம் கூர்மையானது, அதற்குள் விரல் விடாதீர்கள். சீசன் திறந்த பிறகும் எத்தனை மீன், என்ன அளவு என்பது ஏரிக்கு ஏரி மாறும், அந்த வருடத்து விதிப் புத்தகத்தைப் படகில் வைத்துக்கொள்ளுங்கள். டாக் மற்றவருடைய சொத்து. தண்ணீரில் நின்று அதன் ஓரம் மீன் பிடிக்கலாம், அதில் கை வைத்துப் பிடித்துக்கொள்வதோ படகைக் கட்டுவதோ வேண்டாம், ஆள் உட்கார்ந்திருந்தால் அடுத்த டாக்குக்குப் போய்விடுங்கள். கயிற்றில் ஜிக் மாட்டினால் பலமாக வெட்டி இழுக்காமல் மெல்ல நிமிர்த்தி எடுங்கள், கோடையில் அங்கே பிள்ளைகள் வெறுங்காலோடு ஓடுவார்கள்.

நிறம் பற்றிக் கேட்பவர்களுக்கு: பகலில் வெள்ளையும் வெள்ளையோடு இளம்பச்சையும் எனக்குப் போதும், இளஞ்சிவப்பு சில நாள் நன்றாக வேலை செய்யும், சில நாள் ஒன்றுமே வராது. இருட்டியதும் கறுப்பு. வால்ஐ கீழேயிருந்து பார்க்கும்போது வானத்தின் மிச்ச வெளிச்சத்துக்கு எதிரே கறுப்புதான் அழுத்தமான உருவமாகத் தெரியும், போன செப்டம்பரில் மூன்று மாலைகளில் வந்த நாலு வால்ஐயும் கறுப்பில் வந்தவை. அக்டோபரில் டாக்குகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக் கரையேற்றிவிட்டார்கள். பெட்டியில் இப்போது வெள்ளை ஐந்து, கறுப்பு ஒன்றே ஒன்று. பனி உருகியதும் முதல் வேலையாகக் கறுப்பில் இரண்டு அட்டை வாங்க வேண்டும், டங்ஸ்டனில், முள்ளைத் திருப்பிப் பார்த்து.